பிறக்கப்போகும் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிடுமோ? – ஒரு வாசகிக்குக் குழந்தைநல மருத்துவரின் பதில்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். திருமணமாகித் தமிழகத்திலிருந்து இங்கே வந்தவர். முதல் பிரசவம், இப்போது 34 வாரம், ஸ்கேனில் ஆண் குழந்தை என்று தெரிந்திருக்கிறது. திருச்சியில் அவருடைய தங்கைக்குப் பிறந்த குழந்தைக்குக் காமாலை "15" என்று சொல்லி இரண்டு நாள் லைட்டில் வைத்தார்களாம். பக்கத்து புளோக்கில் இருக்கும் தோழியின் குழந்தைக்கோ "260" என்று வந்ததாம். அந்த எண்ணைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. பரங்கிக்காய், மாம்பழம் ஆகியவற்றோடு சமையலில் மஞ்சள்தூளையும் நிறுத்திவிட்டார். பிரசவத்துக்கு உதவ ஊரிலிருந்து வரவிருக்கும் அம்மா, காலை வெயிலில் காட்டிச் சீனித்தண்ணீர் கொடுத்தால் போதும், லைட் எல்லாம் மருத்துவமனைகள் காசு பார்க்கும் வழி என்கிறார். சிங்கப்பூரிலேயே வளர்ந்த மாமியார் அதை ஏற்கவில்லை. கணவர் இங்கே பிறந்தவர், அவருக்கு ஜி6பிடி என்ற இரத்த நொதியின் குறைபாடு உண்டு. அது மகனுக்கும் வந்துவிடும் என்று வாசகி உறுதியாக நம்புகிறார். இவருடைய இரத்தம் ஓ பாசிட்டிவ், கணவருடையது பி பாசிட்டிவ். 16ஆம் நாள் பெயர் சூட்டும்போதுதான் விடுப்பு எடுக்கக் கணவர் திட்டமிட்டிருக்கிறார். காமாலையை வராமலே தடுக்க முடியுமா, வந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

சகோதரி, பிரசவத்துக்கு முன்பே நீங்கள் இதைக் கேட்டிருப்பது நல்லதாயிற்று. குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், தூக்கமில்லாமலும் தையல் வலியோடும் இருக்கும் ஒரு தாயிடம் இவற்றையெல்லாம் விளக்குவது எளிதல்ல. அவரால் அப்போது கேட்டுக்கொள்ளவும் முடியாது.

முதலில், தடுப்பது பற்றி. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் ஓரளவாவது மஞ்சள் தெரியும். கருவில் இருக்கும்போது குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம் தேவைப்படுகின்றன. பிறந்தபின் அவ்வளவு தேவையில்லை. நம்முடையவற்றைவிட ஆயுள் குறைந்த அந்த அணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கர்ப்பகாலத்தில் அதை நஞ்சுக்கொடி வழியாக உங்கள் கல்லீரல் வெளியேற்றிவிடும். தொப்புள்கொடியை வெட்டிய பிறகு அந்த வேலை குழந்தையின் கல்லீரலுக்கு வந்துசேர்கிறது. அது முழு வேகத்துக்கு வரச் சில நாள்களாகும். அந்த இடைவெளியில் தெரிவதுதான் பெரும்பாலான குழந்தைகளின் காமாலை. பெரியவர்களுக்குக் கல்லீரல் அழற்சிக் கிருமியால் வரும் காமாலையிலிருந்து இது வேறுபட்டது, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

ஆகவே இதை முற்றாகத் தடுக்க எந்த உணவும் மருந்தும் கிடையாது, அதற்கு அவசியமும் இல்லை. பரங்கிக்காயையும் மாம்பழத்தையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், குழம்பில் மஞ்சள்தூளையும் போடுங்கள். நீங்கள் உண்ணும் உணவின் நிறம் குழந்தையின் பிலிரூபினைக் கூட்டுவதில்லை. கீழாநெல்லியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் யாரேனும் சொல்லத்தான் போகிறார்கள். கர்ப்பத்தில் நீங்களும் அருந்த வேண்டாம், பிறந்தபின் குழந்தையின் நாக்கில் ஒரு துளிகூடத் தடவ வேண்டாம்.

இப்படிச் சொல்வதால் இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் என்று கொள்ளாதீர்கள். பிலிரூபின் மிக அதிகமாக ஏறினால் அது மூளைக்குள் புகுந்து, செவித்திறனையும் கைகால் அசைவுகளையும் நிரந்தரமாகப் பாதித்துவிடும். அந்தப் பாதிப்பைப் பின்னர் எந்தச் சிகிச்சையாலும் மாற்ற முடியாது. ஆனால் அளந்து பார்த்து, உரிய நேரத்தில் லைட்டில் வைத்துவிட்டால், அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் அந்த நிலைக்குப் போகாமல் காத்துவிடலாம். எனவே காமாலை வருமா என்பதைவிட, எந்த நேரத்தில் தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, யார் எப்போது அளக்கப் போகிறார்கள் என்பவைதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்.

15, 260: இரண்டும் ஒன்றுதான்

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எண்ணை முதலில் பார்த்துவிடுவோம். தமிழக மருத்துவமனைகள் பிலிரூபினை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகின்றன. சிங்கப்பூரில் ஒரு லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று எழுதுகிறார்கள். ஊர்க் கணக்கை 17.1ஆல் பெருக்கினால் இங்கத்திய கணக்கு வந்துவிடும். 15ஐப் பெருக்கிப் பாருங்கள்: 256.5. உங்கள் தங்கையின் குழந்தைக்கும் தோழியின் குழந்தைக்கும் இருந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான்.

எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு குழந்தையோடு ஒப்பிடுவதிலும் பயனில்லை. பிறந்து 30 மணி நேரமே ஆன குழந்தைக்கு 260 என்றால் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். அதே 260, ஐந்தாம் நாளில், நன்றாகப் பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்கு இருந்தால், வேறு காரணங்கள் இல்லாதபோது லைட் தேவைப்படாமலும் போகலாம். குழந்தைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, எத்தனை வாரத்தில் பிறந்தது, ஜி6பிடி குறைபாடோ தாய்-சேய் இரத்தப் பிரிவுப் பொருந்தாமையோ உண்டா என்பவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "இந்த வயதுக்கு லைட் தேவைப்படும் அளவு எது, என் குழந்தை அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் குறைவாக எண்ணமாட்டார்கள்.

அப்பாவின் ஜி6பிடி குறைபாடு மகனுக்கு வருமா?

கடிதத்தில் நீங்கள் மிக உறுதியாகச் சொல்லியிருக்கும் செய்தி இது, ஆனால் சரியானதல்ல. ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி; அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தந்தை தம் மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோம். மகனுக்கு எக்ஸ் உங்களிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே உங்கள் கணவரின் குறைபாடு மகனுக்குப் போகாது. மகள் பிறந்தால் அவள் அந்த மரபணுவைச் சுமப்பாள், அத்தகைய பெண் குழந்தைகள் சிலருக்கும் நொதி ஓரளவு குறைவாக இருக்கும்.

இத்தோடு நிம்மதியடைந்துவிடவும் முடியாது. நீங்கள் தமிழகத்தில் பிறந்தவர். உங்களுக்கு இந்தச் சோதனையை யாரும் செய்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்கே தெரியாமல் குறைபாடுள்ள அந்த மரபணுவின் ஒரு பிரதி உங்களிடம் இருந்தால், மகனுக்கு அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் உடன்பிறந்தவர்களில், தாய்மாமன்களில் யாருக்காவது ஏதோ மருந்து சாப்பிட்டபின் சிறுநீர் தேநீர் நிறத்தில் போய், திடீரென்று இரத்தசோகை வந்ததுண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் மகப்பேற்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்படியிருந்தாலும் உங்கள் மகனுக்குப் பரிசோதனை நடக்கும். 1965ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தச் சோதனை செய்யப்படுகிறது. அந்தக் காலத்தில் காமாலையால் மூளை பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஜி6பிடி குறைபாடு இருந்ததையும், சில மூலிகைகளும் பூச்சி உருண்டைகளும் நிலைமையை மோசமாக்கியதையும் பேராசிரியர் வோங் ஹோக் பூனின் பணி வெளிக்கொணர்ந்தது. உங்கள் கணவரை மாமியார் பூச்சி உருண்டை பக்கம் அண்டவிடாமல் வளர்த்ததற்குப் பின்னால் இருக்கும் வரலாறு அதுதான். குறைபாடு இருக்கும் குழந்தையைச் சில நாள் கூடுதலாக மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிப்பார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்பி அடிக்கடி வரச்சொல்லிப் பரிசோதிப்பார்கள்.

இங்கே உங்கள் கடிதத்தின் ஒரு வரி என்னை நிறுத்தியது. தொட்டிலுக்கும் குழந்தையைச் சுற்றிவைக்கவும் அம்மா தம் பழைய பருத்திப் புடவைகளை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கம் நல்லதுதான், பழம்புடவையின் மென்மை புதுத்துணிக்கு வராது. ஆனால் அந்தப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருக்கிறார்களா என்று இன்றே தொலைபேசியில் கேளுங்கள். நாப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் தங்கி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தையின் உடலில் சேரும். எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் எளிதாகச் சேரும். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்குச் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைய இதுவே போதும். ஒருமுறை துவைத்தால் வாடை போய்விடும் என்று நம்ப வேண்டாம். உருண்டை பட்ட புடவைகளை விட்டுவிட்டு, தேக்கா கடைகளில் மெல்லிய பருத்தித்துணி வாங்கி இரண்டு மூன்று முறை அலசிப் பயன்படுத்துங்கள். உங்கள் வீட்டு அலமாரிகளிலும் ஒருமுறை தேடிப்பார்த்துவிடுங்கள்.

குறைபாடு உறுதியானால், பாலூட்டும் காலத்தில் நீங்களும் ஃபாவா என்ற பெரிய அவரை வகையைத் தவிர்க்க வேண்டும். எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹுவாங் லியான் போன்ற சீன மூலிகைகளை அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுத்தாலும், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

இரத்தப் பிரிவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் பாசிட்டிவ் என்பதால், நெகட்டிவ் தாய்மாருக்கு வரக்கூடிய ஆர்எச் பிரச்சினை உங்களுக்கு இல்லை. தாய் ஓ, குழந்தை பி என்றால், உங்கள் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்க வாய்ப்புண்டு. எனினும் அத்தகைய குழந்தைகளில் சிலருக்கு மட்டுமே அது சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகிறது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது இயல்பான காமாலை அல்ல. தாதி அடுத்த சுற்றுக்கு வரட்டும் என்று காத்திராமல் உடனே அழைத்துச் சொல்லுங்கள்.

வெயிலா, லைட்டா?

உங்கள் அம்மா சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒளிச்சிகிச்சை பிறந்ததே வெயிலில்தான். 1956இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், ரோச்ஃபர்ட் மருத்துவமனைத் தாதி ஜீன் வார்ட், குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு நாள் ஒரு குழந்தையின் உடம்பில், துணியின் முனை மூடியிருந்த இடம் மட்டும் நல்ல மஞ்சளாக இருக்க, வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்ததை மருத்துவர்களிடம் காட்டினார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வை மருத்துவர் கிரீமரும் மற்றவர்களும் 1958இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஒளியில் நீலப்பகுதி, குறிப்பாக 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான கதிர்கள், தோலிலுள்ள பிலிரூபினின் வடிவத்தை மாற்றி, கல்லீரல் அதைப் பதப்படுத்தாமலே வெளியேறும்படி செய்கின்றன. மருத்துவமனை விளக்கு முக்கியமாக அந்தக் கதிர்களை, போதிய வலுவுடன், பல மணி நேரம் தொடர்ந்து கொடுக்கிறது.

அதற்கு ஈடான பலனை வெயிலில் பெற வேண்டுமானால் குழந்தையை அரையாடையுடன் மணிக்கணக்கில் கிடத்த வேண்டும். நம் ஊர் வெயிலில் அது தோலைச் சுடும், உடம்பை வறளச்செய்யும். அடுக்குமாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் துணி சுற்றிய குழந்தையைக் கால் மணி நேரம் வைத்திருப்பதால் பிலிரூபின் குறிப்பிடத்தக்க அளவுக்கு இறங்காது. என் கவலை வெயிலைப் பற்றியது மட்டுமல்ல. "வெயிலில் காட்டுகிறோமே" என்ற திருப்தியில் பரிசோதனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. தங்கையின் குழந்தையும் லைட்டில் வைத்துத்தான் தேறியது என்பதை அம்மாவுக்கு நினைவூட்டுங்கள். லைட்டின் கீழ் குழந்தை கண்கட்டோடு, டயப்பர் மட்டும் அணிந்து படுத்திருக்கும்; பால் கொடுக்க நீங்கள் வெளியே எடுக்கலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். செலவைப் பொறுத்தவரை, உங்கள் மகன் சிங்கப்பூர்க் குடிமகனாகப் பதிவானதும் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதியும், அவன் பெயரிலேயே மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் மானியமும் கிடைக்கும். மருத்துவமனையில் தங்கும் செலவுக்கு அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

சீனித்தண்ணீர் வேண்டவே வேண்டாம். பிலிரூபின் பெரும்பாலும் மலத்தின் வழியாக வெளியேறுகிறது. மலம் போகப் பால் வேண்டும். சீனித்தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைக் குறைத்துவிடும். மலம் குடலில் தங்கினால் பிலிரூபின் மீண்டும் இரத்தத்தில் சேரும். ஆகவே தாய்ப்பாலை நிறுத்துவதற்குப் பதிலாக அதிகமாகக் கொடுங்கள்: 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடச் சொன்னால் கேட்காதீர்கள், முதல் மலத்தை இளக்கி வெளியேற்ற அது உதவும். பால் போதாமல் எடை அதிகமாகக் குறைந்தால் மட்டும், சில நாளுக்கு மாற்றுப்பால் சேர்க்கும்படி மருத்துவர் சொல்லலாம். அதற்காக நீங்கள் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுகப்பிரசவமானால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிலிரூபினோ மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை, சில குழந்தைகளுக்கு ஒரு வாரம்வரை, ஏறிக்கொண்டேயிருக்கும். உச்சத்தைத் தொடும்போது குழந்தை உங்கள் கையில் இருக்கும், மருத்துவமனையில் இருக்காது. கிளம்பும் முன்பு நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பிலிரூபின் எவ்வளவு, அது எத்தனையாவது மணி நேரத்தில் எடுக்கப்பட்டது, ஜி6பிடி முடிவு என்ன, அடுத்த பரிசோதனை எங்கே, எந்தத் தேதியில். அந்தப் பரிசோதனை மருத்துவமனையிலோ வீட்டுக்கு அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திலோ இருக்கும். நெற்றியிலோ மார்பிலோ ஒரு சிறு கருவியை வைத்து வலியில்லாமல் அளப்பார்கள். அளவு கூடுதலாகத் தெரிந்தால் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். குழந்தை அழும், நீங்களும் அழுவீர்கள், இரண்டும் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

வீட்டில் பார்த்தே சொல்லிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். நம் குழந்தைகளின் மாநிறத்தில் மஞ்சளைக் கண்டறிவது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம், மஞ்சள் ஒளி தரும் விளக்கின் கீழ் சொல்லவே வேண்டாம். பகல் வெளிச்சத்தில் மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணின் வெள்ளையையும் ஈறுகளையும் பாருங்கள். இது சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும், அளவைச் சொல்லாது. குளிப்பாட்டும்போது கஸ்தூரி மஞ்சளோ மஞ்சள் கலந்த குளியல் பொடியோ பூச வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பூசிய மஞ்சள் எது, உள்ளிருந்து வந்த மஞ்சள் எது என்று எங்களாலேயே பிரித்தறிய முடியாமல் போகும்.

குழந்தை எழுப்ப முடியாமல் தூங்கினாலும், உறிஞ்சும் வேகம் குறைந்தாலும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும், மஞ்சள் கால்வரை இறங்கியிருந்தாலும் அன்றே காட்டுங்கள். கீச்சென்று வித்தியாசமாக அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ, 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல் இருந்தாலோ, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதனால்தான் கணவரின் விடுப்புத் திட்டத்தை மாற்றச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, தகுதியுள்ள தந்தையருக்கு நான்கு வாரம் அரசாங்கம் ஊதியம் தரும் தந்தையர் விடுப்பு கட்டாயமாகியிருக்கிறது. அதில் முதல் வாரத்தைப் பிறந்த அன்றிலிருந்தே எடுக்கட்டும். தையலோடு நீங்கள் மருந்தகத்துக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் அலைய நேரலாம். அப்போது அவர் தேவை. பெயர் சூட்டும் நாளுக்கு அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும்.

அந்த 16ஆம் நாளைப் பற்றியும் ஒரு குறிப்பு. தாய்ப்பால் குடித்து நன்றாக எடை கூடும் குழந்தைகள் சிலருக்கு இலேசான மஞ்சள் இரண்டு மூன்று மாதம்வரைகூட நீடிக்கலாம். அதில் கெடுதலில்லை, பாலை நிறுத்தவும் வேண்டியதில்லை. ஆனால் அது அந்த வகைதான் என்று வீட்டில் முடிவுசெய்யக் கூடாது. 14 நாள் கடந்தும் மஞ்சள் இருந்தால், பிலிரூபினில் எந்த வகை கூடியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை தேவை. டயப்பரில் மலம் சுண்ணாம்பு போலவோ களிமண் போலவோ வெளிறியிருந்தால், அல்லது சிறுநீர் கறைபடும் அளவுக்கு அடர்மஞ்சளாக இருந்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அது அரிதான நோய்தான். ஆனால் பிறந்த 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். அப்படி ஒரு டயப்பரைக் கண்டால் அதைப் படமெடுத்துக்கொண்டு, முடிந்தால் டயப்பரையே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். பெயர் சூட்டுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.